புதிதாக வந்தவர் முதலில் முகர வேண்டும்

போன மாதம் நம் ஆய்வகத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு சாக்கு கிடைத்தால் வந்துவிடுவேன், அது உங்களுக்கும் தெரியும், காவலாளிக்கும் தெரியும். அன்றைக்கு வாசலில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையில் மரத்துண்டோடு நின்றிருந்தார். முகம் கடுகடு என்று இருந்தது. அதை முகர்ந்து பார்த்து என்ன வாடை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். முனைவர் பட்டம் வாங்கியது இதற்குத்தானா என்று அவர் கேட்டுவிட்டார். கேட்டது நியாயம்தான். எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் சொல்லத் தெரிந்தவர்களும் அங்கே அதிகம் இல்லை.

அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவள் நான். ஆய்வுக்கு எந்த மர மாதிரி வந்தாலும், அதைக் கத்தி தொடுவதற்கு முன், ஆய்வகத்தில் கடைசியாகச் சேர்ந்தவர் முகர்ந்து பார்க்க வேண்டும். தலைவரும் முகரக்கூடாது, நானும் முகரக்கூடாது. ஏன் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வேலையைப் பற்றி வெளியில் பெரிதாக யாரும் பேசுவதில்லை. சூரியனின் பழைய கதையை எழுதுகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அளக்கிற பெரிய இயந்திரம் இன்னொரு ஊரில் இருக்கிறது. நடுவில் ஓசூர் தொழிற்பேட்டையில், பல்சக்கரம் செய்கிற தொழிற்சாலைக்குப் பின்சந்தில், மர வளையங்களைப் பிரித்துக் கழுவிச் சுத்தமான கரியாக்கி அனுப்புகிறவர்கள் நாம். "பாத்திரம் கழுவுகிற கோஷ்டி" என்று ஒரு பேராசிரியர் ஒருமுறை எங்களைச் சொன்னார். நான் அவரிடம், கழுவாத பாத்திரத்தில் சமைத்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். அதன்பிறகு அவர் எங்களோடு மரியாதையாகத்தான் பேசினார்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் எனக்குக் கதை வராது. விண்வெளியிலிருந்து நுண்ணிய கதிர்கள் ஓயாமல் வந்து நம் காற்றில் மோதுகின்றன. அந்த மோதலில் கார்பன் பதினான்கு உண்டாகிறது. சூரியன் துடிப்பாக இருக்கும் காலத்தில் அந்தக் கதிர்களை அது விரட்டிவிடுகிறது, கார்பன் பதினான்கு குறைகிறது. சூரியன் அடங்கிக் கிடக்கும் காலத்தில் அது கூடுகிறது. மரம் அந்தந்த வருடத்துக் காற்றை வாங்கி அந்தந்த வருடத்து வளையத்தைப் போட்டுக்கொள்கிறது. அதனால்தான் தொலைநோக்கி இல்லாத காலத்துச் சூரியனைப் பற்றியும் மரத்திடம் கேட்க முடிகிறது. பதினோரு வருடத்துக்கு ஒருமுறை வரும் சின்ன ஏற்ற இறக்கம் மட்டுமில்லை, பல தலைமுறைகளைத் தாண்டும் பெரிய ஏற்ற இறக்கங்களும் அதில் தெரியும்.

நான் சொல்லப்போவது, எங்கள் மாவட்டத்து மரம் ஒன்று முதன்முதலாக அந்தக் கதையில் இடம்பிடிக்க இருந்த சமயத்தில் நடந்தது. அதுவரை நாங்கள் கழுவியதெல்லாம் பிறத்தியார் அனுப்பிய மரங்கள், குளிர்நாட்டு மரங்கள். நான் சிங்காரப்பேட்டைக்காரி. நம் மண்ணில் முளைத்த மரம் ஒன்று அந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே இருந்தது.

மரம் கிடைத்தது வேப்பனப்பள்ளிப் பக்கம். முனிராஜ் என்று ஒரு விவசாயி, மாந்தோப்பு வைத்திருக்கிறார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். தோப்புக்கு வண்டல் அடிக்க ஏரியைத் தோண்டியபோது சேற்றுக்கடியில் ஒரு பெரிய தேக்குமரம் அகப்பட்டிருக்கிறது. டிராக்டர் கட்டி இழுத்துத் தோப்புக் கொட்டகையில் போட்டுவிட்டு, எங்களுக்குத் தெரிந்த ஒரு வன அலுவலர் மூலம் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தோம். சேற்றில் ஊறி ஊறிக் கரிக்கட்டை நிறத்தில் இருந்தது. வளையங்கள் மட்டும் தெளிவாக, ஒன்று விடாமல் இருந்தன. நடுப்பகுதியிலிருந்து சீவல்கள் எடுத்து வயது பார்த்து, வெளியோரம் வரை வளையங்களை எண்ணியதில், முந்நூறு வருடத்துக்கு முன்னால் சாய்ந்த மரம் என்று தெரிந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தலைவருக்கு உடனே புரிந்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் பின்பாதியில் சூரியன் ஒரு மனித ஆயுள் அளவுக்கு அடங்கிக் கிடந்தது, முகத்தில் கரும்புள்ளியே அநேகமாக இல்லாமல். இந்த மரத்தின் வெளிப்பக்கத்து வளையங்கள் சரியாக அந்தக் காலத்தில் போட்டவை. தலைவர் அவசரக்காரர், ஆனால் நல்ல மனிதர். மறுபடி போனபோதே அறுத்து எடுத்துப் போய்விடலாம் என்று துள்ளினார். மாங்காய் சீசன் என்பதால் ஆளும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. சீசன் முடிந்ததும் வருகிறோம், அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முனிராஜின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை சொன்னார்.

முனிராஜ் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். சீசன் முடிந்து போனபோது மரம் சொன்ன இடத்தில் இருந்தது. காய்ந்ததில் ஒரு பக்கம் மட்டும் பட்டையோரத்திலிருந்து உள்ளே விரிசல் ஓடியிருந்தது, அது இயல்புதான். மெஷின் வாள் வைத்து ஒரு வட்டப் பலகை அறுத்து ஓசூருக்குக் கொண்டு வந்தோம்.

அந்த வாரம்தான் பாண்டிச்செல்வி வேலையில் சேர்ந்தாள். சிவகங்கைப் பக்கத்துப் பெண், வேதியியலில் கெட்டிக்காரி. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். பலகையை மேசையில் வைத்ததும் மூக்கைச் சுளித்தாள். மெஷின் வாளுக்குப் போடும் எண்ணெய்தான், மேலே சீவினால் போய்விடும் என்று சொன்னோம். சீவினோம்.

"சீவுன பெறகும் மெக்கானிக் செட்டு வாடைதான்க்கா அடிக்குது" என்றாள்.

ஆளாளுக்கு முகர்ந்து பார்த்தோம். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஓசூருக்கு வந்துவிட்டாய், இனிமேல் சோற்றிலும் அந்த வாடைதான் அடிக்கும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள். இந்த ஊர்க் காற்றில் உங்களுக்கும் அது பழகியிருக்கும். கடைசல் பட்டறை, லாரி செட்டு, பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவரின் சட்டை, எல்லாவற்றிலும் இயந்திர எண்ணெய் இருக்கிறது. வந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொள்வோம். அப்புறம் அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாமல் போய்விடும்.

வளையங்களைப் பிரித்தோம், வழக்கமான முறையில் கழுவினோம், கரியாக்கி அனுப்பினோம். முடிவு வந்தது. வரைபடத்தைத் தலைவர் என் மேசையில் கொண்டு வந்து விரித்தார். உலகத்தில் மற்ற எல்லா மரங்களிலும் அந்தக் காலத்தில் கார்பன் பதினான்கு ஏறுகிறது. எங்கள் மரத்தில் இறங்கியிருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, செங்குத்தாக இறங்கியிருந்தது.

தலைவர் அதற்குள் ஒரு விளக்கமும் தயாராக வைத்திருந்தார். நம் பருவக்காற்றில் ஏதோ விசேஷம் இருக்க வேண்டும், இதுவரை யாரும் பார்க்காதது என்றார். மறுநாள் மதியம் கணினித் திரை வழியே ஒரு கூட்டம் இருந்தது. பல நாட்டு ஆய்வகங்கள் அவரவர் மரத்தின் கதையைச் சொல்லும் கூட்டம். அதில் சொல்லப்படுவது அப்படியே பொதுத் தொகுப்பில் சேர்ந்துவிடும். எங்கள் முறையும் அதில் இருந்தது.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. நம் ஊர் மரம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தால் கசக்குமா? ஆனால் வேலையில் எனக்கு ஒரு குணம் உண்டு. நான் ஆசைப்பட்ட பதிலே கைக்கு வந்தால் எனக்கு உடம்பு கூசும். காற்று ஊருக்கு ஒன்றாக இருப்பதில்லை. ஓரிரு வருடத்தில் உலகம் முழுக்கக் கலந்துவிடுகிறது. ஊருக்கு ஊர் சின்ன வித்தியாசம் வரலாம், இப்படித் தலைகீழாகப் போகாது. பலகையை மறுபடி எடுத்து வைத்து, வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எந்த வளையத்தில் இறக்கம் ஆரம்பிக்கிறதோ, அந்த வளையத்தில்தான் விரிசலின் நுனி நின்றது. பட்டையோரம் போகப்போக விரிசல் அகலமாகிறது, இறக்கமும் கூடுகிறது. நாங்கள் வளையங்களைப் பிரித்ததும் வசதிக்காக அந்த விரிசல் ஓரத்திலேயே.

பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டு, அன்றைக்கு அவள் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் தயங்கினாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சொன்னாள். மறுநாள் காலையில் இரண்டு பேரும் வேப்பனப்பள்ளிக்குக் கிளம்பினோம். மதியக் கூட்டத்துக்குள் போன் செய்கிறேன், அதுவரை எதையும் அனுப்ப வேண்டாம் என்று தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவருக்கு முகமே விழுந்துவிட்டது.

முனிராஜ் எங்களைப் பார்த்ததும் கொய்யாப்பழம் அறுக்க ஆள் அனுப்பினார். மரத்தைப் பார்க்க வேண்டும் என்றோம். கொட்டகையில் மீதி மரம் கிடந்தது. பாண்டிச்செல்வி குனிந்தவள் உடனே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் முனிராஜிடம், இதற்கு ஏதாவது பூசினீர்களா அண்ணா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. நாங்கள் போன கொஞ்ச நாளில் கரையான் வந்துவிட்டதாம். ஓசூரில் லாரி செட்டில் வேலை செய்கிற மச்சானிடம் சொல்லி ஒரு கேன் வேஸ்ட் ஆயில், இன்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெய், வரவழைத்திருக்கிறார். இந்தப் பக்கம் கதவு, நிலை, வேலிக்கால் எல்லாவற்றுக்கும் கரையானுக்கு அதைத்தான் பூசுவார்கள்.

"சார் அவ்ளோ தூரம் சொல்லிட்டுப் போனாரே மேடம், அதான் ரெண்டு தபா அடிச்சேன். அந்த வெடிப்பு இருக்குது பாருங்க, அதுல கரையான் பூந்துரும்னு கேனைச் சாய்ச்சி உள்ளயே ஊத்திட்டேன்."

எங்கள் இரண்டு பேர் முகமும் மாறியதை அவர் பார்த்துவிட்டார். சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்த மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் என்பது பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்தது, அதில் கார்பன் பதினான்கு துளிகூட மிச்சமில்லை, மரத்தோடு அது கலந்தால் மரத்தின் கணக்கைக் குறைத்துக் காட்டிவிடும், சூரியன் தூங்கிய காலத்தில் விழித்திருந்ததுபோல ஆகிவிடும் என்று சொன்னேன். அவர் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முந்நூறு வருசம் சேத்துல கெடந்துச்சு, அதுக்கு ஒண்ணும் ஆவல. எங்கைக்கு வந்து நாலு மாசத்துல கெடுத்துட்டேனே மேடம்."

பாண்டிச்செல்வி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பத்திரமா வைக்கச் சொன்னது நாங்கதானண்ணே என்றாள். அவர் தலையை ஆட்டினார், ஆனால் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அறுத்து வைத்த கொய்யாப்பழம் அப்படியே இருந்தது. சாப்பிடாமல் கிளம்பினால் அவர் இன்னும் நொந்துபோவார் என்று ஆளுக்கு ஒரு துண்டு விழுங்கினோம்.

தோப்பு வரப்பில் நின்றுதான் தலைவரிடம் பேசினேன். முழுவதையும் கேட்டார். அப்புறம், எண்ணெய் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று தெரியாதே, முடிவை ஒரு குறிப்போடு சொல்லிவிட்டு அப்புறம் திருத்திக்கொள்ளலாமா என்றார். இந்த முறை விட்டால் அடுத்த தொகுப்புக்குப் பல வருடம் ஆகும் என்றார். அது உண்மை. அடுத்த தொகுப்பு வருவதற்குள் நான் ஓய்வு பெற்றிருப்பேன், அதுவும் உண்மை. சார், கழுவிக் கொடுத்தது நான், இது சுத்தம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"அத்தன பேரு முன்னாடி நான் என்னம்மா சொல்றது?"

"எங்களுக்கு இன்னும் தெரியலன்னு சொல்லுங்க சார்."

சொன்னார். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவ்வளவு ஆசையாக வைத்திருந்த வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, எங்கள் மாதிரியில் சந்தேகம் இருக்கிறது, இப்போதைக்கு எங்களை விட்டுவிடுங்கள் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அவசரக்காரர் என்று அவரைக் குறை சொல்லியிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு அவர் செய்தது லேசுப்பட்ட காரியமில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் முனிராஜ் உட்கார்ந்திருந்த கோலம்தான் கண்ணில் நின்றது. மரம் போயிற்று என்று அந்த மனிதரை அப்படியே விட்டுவிட எனக்கு இஷ்டமில்லை. சூளகிரி தாண்டும்போது யோசனை வந்தது. யோசனை என்ன, நாம் தினமும் பார்ப்பதுதான். வளையம் என்பது வட்டம். விரிசல் ஓரத்தில் இருக்கும் வருடமேதான் சுற்றிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறது. விரிசல் ஒரு பக்கம்தான். எதிர்ப்பக்கம் கெட்டி மரம், மேலே பூசியது அங்கே ஆழமாக இறங்கியிருக்காது. ஒரே வருடத்தின் கரியை இரண்டு இடத்திலும் எடுத்துப் பார்த்தால் எண்ணெயின் குட்டு உடைந்துவிடும்.

கழுவும் முறையையும் மாற்றினோம். எங்கள் வழக்கமான கழுவல் அமிலமும் காரமும், எல்லாம் தண்ணீரில் கலந்தவை. மண்ணுக்கும் சேற்றுக்கும் அது போதும், எண்ணெய் அதற்கு அசையாது. பிசுக்குப் பாத்திரத்தை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். எண்ணெயைக் கரைக்கிற திரவங்களில் ஊறவைத்து எடுக்கும் வேலையைப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் எடுத்து முகர்ந்து பார்ப்பாள், இன்னும் இருக்குதுக்கா என்று திரும்பப் போடுவாள். ஒருநாள் காலையில் முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினாள். எனக்குத்தான் தெரியாதே, நீயே சொல் என்றேன். வெறும் மரம்தான்க்கா என்றாள்.

மறுபடி அனுப்பினோம், மறுபடி காத்திருந்தோம். வந்தது. எதிர்ப்பக்கத்து வளையங்களில் கார்பன் பதினான்கு ஏறியிருந்தது. விரிசல் ஓரத்து வளையங்களும், நன்றாகக் கழுவிய பிறகு, அதே ஏற்றத்தைக் காட்டின. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. உலகத்தில் மற்ற மரங்கள் சொன்னதையேதான் எங்கள் ஏரி மரமும் சொன்னது. புதுமை ஒன்றுமில்லை. ஆனால் நான் என் மேசையில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். எங்கோ குளிர்நாட்டில் நின்ற மரமும் வேப்பனப்பள்ளி ஏரிக்கரையில் நின்ற தேக்கும் ஒரே காற்றை வாங்கி ஒரே சாட்சியைச் சொல்லியிருக்கின்றன, அதைக் கெடாமல் வெளியே எடுத்தது நாங்கள்.

தொகுப்பு மூடிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம். அன்றைய கூட்டத்தில் தலைவர் பின்வாங்கியதைப் பார்த்தவர்களே, உங்கள் சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்டு எழுதினார்கள். தீர்ந்தது என்றதும் எங்களுக்காக ஓர் இடம் திறந்தார்கள். தப்பான கோட்டைக் கொடுத்திருந்தால் அடுத்த முறை எங்களை யார் கேட்டிருப்பார்கள்?

இன்னொரு சின்னச் சண்டையும் பாக்கி இருந்தது. அறிக்கையில் தலைவர், மரத்தின் உரிமையாளரின் அறியாமையால் மாதிரி மாசுபட்டது என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. அறியாமை யாருடையது சார் என்றேன். கரையானுக்கு வேஸ்ட் ஆயில் பூசுவது இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், பூசாதீர்கள் என்று நம்மில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பாதுகாக்கும்படி நாங்கள் கேட்டுக்கொண்டதால் உரிமையாளர் எண்ணெய் பூசிப் பாதுகாத்தார் என்று அவரே மாற்றி எழுதினார்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு முனிராஜைப் பார்க்கப் போனோம், இந்த முறை தலைவரும் வந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். மீதி மரம் தரையில் இல்லை. நான்கு கல் மேல் தூக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு கல்லும் ஒரு அலுமினியத் தட்டில், தட்டு நிறையத் தண்ணீர். சோற்று அலமாரியில் எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அந்த மாதிரி. தினம் காலையில் அவரே ஊற்றி நிரப்புகிறாராம்.

"எதுவும் தடவல மேடம். தண்ணி மட்டுந்தான். தண்ணில ஒண்ணும் இல்ல இல்ல?"

ஒன்றும் இல்லை அண்ணா, மரம் தப்பித்துவிட்டது என்று சொல்லி வரைபடத்தைக் காட்டினேன். இது நம் ஏரி மரம், இது மற்ற நாட்டு மரங்கள், இரண்டும் ஒன்றாகப் போகிறது பாருங்கள் என்றேன். அவர் விரலை வைத்து இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போய்விட்டு வந்தார். அப்புறம் வெளியே போய் மச்சானுக்குப் போன் போட்டார். தெலுங்கில் பேசினார், எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். கெடவில்லை, கெடவில்லை என்று இரண்டு முறை சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஆய்வக வாசலில் கறுப்பாக ஒரு வட்டப் பலகை நிற்கிறதே, அது அந்த மரம்தான், விரிசலோடு. அதன்பிறகு அதை யாரும் கழுவக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன மாதம் நான் முகர்ந்து பார்த்தேன், எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. பாண்டிச்செல்வியும் பார்த்தாள். அவள் இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாளர், வந்து பல வருடம் ஆகிவிட்டது. உதட்டைப் பிதுக்கினாள். அவள் மூக்கும் ஓசூர் மூக்காகிவிட்டது.

மரத்துண்டோடு நின்ற அந்தப் புதுப் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துவந்து பலகையின் முன்னால் நிறுத்தினேன். குனிந்தார். மெக்கானிக் கடை மாதிரி இருக்கிறது மேடம் என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், உங்களிடம் இருக்கிற இந்தப் புது மூக்கு எங்கள் யாரிடமும் இல்லை. ரொம்ப நாள் உங்களிடமும் இருக்காது. இருக்கும்வரை முகர்ந்து பாருங்கள், தோன்றியதைச் சத்தமாகச் சொல்லுங்கள். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். அப்புறம் இன்னொரு தடவை சொல்லுங்கள்.